அத்தியாயம் 6: வேலையை விடாமல் ஆங்கில எம்.ஏ.

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிப்பவருக்குக் கிடைக்கும் சலுகை ஒன்றே ஒன்றுதான். எப்போது படிப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். எவ்வளவு படிப்பது என்பதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. கோட்டுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஆசிரியை, பிள்ளைகள் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்கலாம். வாஞ்சூர் துறைமுகத்தில் ஷிப்டு பார்ப்பவர் விடுப்பு நாளில் மொத்தமாக உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர் வாசிக்கும் அதே சாசரையும் ஷேக்ஸ்பியரையும் இவர்களும் வாசித்தாக வேண்டும். "கரஸ்ல போட்டுட்டா போதும், பாஸ் ஆயிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதியில் நிறுத்தியவர்களில் நிறையப் பேர் அந்த வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்கள்தான்.

தினமும் வகுப்புக்குப் போகும் வசதி உள்ளவருக்கு இந்த அத்தியாயம் வேண்டாம். அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, கலைஞர் மு. கருணாநிதி பெயரில் உள்ள அரசு முதுநிலைக் கல்வி நிறுவனம் எல்லாம் நம் காரைக்காலிலேயே இருக்கின்றன. எந்தெந்த முதுநிலைப் பாடங்களுக்கு இந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறது என்று முதலில் அங்கே போய்க் கேளுங்கள். எதிரே நின்று பாடம் சொல்லும் ஆசிரியருக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அந்த வாய்ப்பு இல்லாதவர்களுக்காகத்தான் இனி வருவன எல்லாம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. ஆங்கிலத்தைத் தெளிவாகச் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு இங்கே தேவை கூடியிருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சு பேசிய தாத்தாக்கள் உள்ள பல வீடுகளில் ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கும் முதல் ஆள் இப்போதுதான் வருகிறார், அதுவும் பெரும்பாலும் பெண். அவர் தடுக்கி விழாமல் முடிக்க வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் கண்டிப்பாகவே எழுதியிருக்கிறேன்.

சேர்வதற்கு முன் எல்லையைப் பாருங்கள்

நாகப்பட்டினம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் பேருந்து ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நம் ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் தமிழ்நாட்டு எல்லையை நாம் நினைப்பதே இல்லை. தொலைநிலைக் கல்வியில் மட்டும் அந்த எல்லையை நினைத்தாக வேண்டும்.

யுஜிசி 2020 செப்டம்பரில் கொண்டுவந்த தொலைநிலை, இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள்தான் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தலாம். திருச்சியிலோ சென்னையிலோ மதுரையிலோ உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுக் காரைக்கால் நகருக்குள் யாராவது "சென்டர்" நடத்தினால், அதற்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தன் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்து மையம் நடத்தவிடுவதும் அந்த ஒழுங்குமுறைகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது. முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புகளுக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

எல்லைச் சிக்கல் இல்லாத வழிகள் நமக்கு இரண்டு. ஒன்று, 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து நாடு முழுவதற்கும் பொதுவாக இயங்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எல்லோர் வாயிலும் இக்னோ. மற்றொன்று, அதே ஆண்டில் இன்னொரு சட்டத்தால் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகம். புதுச்சேரியோடு இலட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவு இந்த ஆண்டு எந்தெந்தப் பாடங்களில் சேர்க்கை நடத்துகிறது என்பதை அதன் அறிவிப்பில் பாருங்கள். வேலையோடு ஆங்கில எம்.ஏ. படிக்க விரும்பும் காரைக்கால்காரருக்கு நான் முதலில் சொல்வது இக்னோதான். காரணம், எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் சேரலாம், வயது வரம்பு இல்லை, பாடநூல்கள் நன்றாக எழுதப்பட்டவை, முடிக்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. எனவே இந்த அத்தியாயத்தின் விவரங்கள் இக்னோவின் எம்இஜி என்ற குறியீடுள்ள படிப்பை ஒட்டியே போகின்றன.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு, பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகத் தரப்படுகிறது. நம் பகுதியில் அஞ்சல்வழிக் கல்வி என்றதும் நினைவுக்கு வருவது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரையில்தான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. பழம்பெரும் பெயரே அனுமதிக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இது போதும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்பின் இணையதளத்தில், நீங்கள் சேரும் ஆண்டு, சேரும் பருவம், எம்.ஏ. ஆங்கிலம் ஆகிய மூன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்சடித்துச் சான்றிதழ்களோடு வையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது அந்தத் தாள் கேள்வியை அங்கேயே முடித்துவிடும். இப்படி அனுமதியோடு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று அதே 2020 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன.

இனிஷியல்

2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் டெப் எண் ஒன்றை எடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஏபிசி எனப்படும் கல்வி மதிப்பீட்டு வங்கியின் எண் வேண்டும். அதை டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் கொண்டு எடுப்பார்கள். இங்கேதான் நம் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியல் ஏறியிருக்கும். சிலருக்கு இனிஷியலே இல்லாமல் கணவர் பெயர் முழுதாகப் பின்னால் சேர்ந்திருக்கும். பிரெஞ்சுப் பதிவேட்டின்படி குடும்பப் பெயரை முன்னால் எழுதும் வீடுகளும் இங்கே உண்டு. படித்த சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் விண்ணப்பம் நடுவழியில் நின்றுவிடும். எப்படியோ சேர்ந்துவிட்டாலும் பட்டச் சான்றிதழில் தவறான பெயர் அச்சாகிவரும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திக்கொள்வதே நல்லது. விண்ணப்பம் திறந்த பிறகு இதற்கு ஓடினால் கடைசி நாள் தாண்டிவிடும். இக்னோவில் ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் சேர்க்கை. அதற்கு இரண்டு மாதம் முன்பே பெயர் வேலையை முடித்துவிடுங்கள்.

இளநிலைப் பட்டம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு படித்து வாங்கியதாக இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கியவர்கள், மேலே எம்.ஏ. முடித்தாலும், அரசு வேலை என்று வரும்போது சிக்கலைச் சந்திக்கிறார்கள். அவர்கள் முதலில் வேலைக்கான விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டட்டும்.

படிப்பின் அளவு

இக்னோ எம்.ஏ. ஆங்கிலம் நெடுங்காலமாக 64 கிரெடிட் கொண்ட படிப்பாக நடந்துவருகிறது. எட்டுத் தாள், ஒவ்வொன்றும் எட்டு கிரெடிட். முதலாண்டு நான்கு தாள்களும் எல்லோருக்கும் பொது. பிரிட்டிஷ் கவிதை, பிரிட்டிஷ் நாடகம், பிரிட்டிஷ் நாவல், மொழியின் கூறுகள். இரண்டாமாண்டில் இலக்கியத் திறனாய்வும் கோட்பாடும் கட்டாயம். மீதி மூன்றை விருப்பப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். நீங்கள் சேரும் ஆண்டுக்கான மாணவர் கையேட்டில் உள்ள பட்டியலே உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதால் அதை வரிவிடாமல் படியுங்கள்.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்பது இக்னோவின் கணக்கு. எட்டு கிரெடிட் தாளுக்கு 240 மணி. ஆண்டுக்கு நான்கு தாள் என்றால் 960 மணி, வாரத்துக்குப் பதினெட்டரை மணி. முழுநேர வேலையும் வீடும் இருப்பவருக்கு வாரம் பதினெட்டு மணி என்பது பெரிய சுமை. இரண்டே ஆண்டில் முடித்தாக வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை முடித்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். அதற்கு மசியாதீர்கள். நான்காண்டு அவகாசம் எதற்காக இருக்கிறது? மூன்று ஆண்டு என்று திட்டம் போட்டால் வாரம் பன்னிரண்டு மணி போதும், படிப்பும் மனத்தில் தங்கும். முதலாண்டுத் தாள் நான்கையும் ஜூனில் ஒரேயடியாக எழுதாமல் இரண்டை ஜூனிலும் இரண்டை டிசம்பரிலும் எழுதலாம். முதலாண்டுத் தாளில் தேறாவிட்டாலும் இரண்டாமாண்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். நான்காண்டும் கடந்துவிட்டால் மறுசேர்க்கைக்குத் தனிக் கட்டணம் கட்டவேண்டி வரும். அதுவரை இழுக்காதீர்கள்.

55 என்ற எண்

தேர்ச்சிக்கு 40 விழுக்காடு போதும். அசைன்மெண்டில் 40, தேர்வில் 40, இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆனால் பாஸ் மார்க்கோடு நின்ற எம்.ஏ. பட்டத்தால் கிடைப்பது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்துதான். கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வு எழுத எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும். கிரீமி லேயரில் வராத பிற பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50. முனைவர் பட்டத்தில் சேரவும் ஏறத்தாழ இதே அளவுகோல்தான். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு எடுக்க ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் கேட்பது முதுநிலையில் 50 விழுக்காடும் பி.எட்.டும். ஆகவே சேரும் நாளிலேயே இலக்கை 55க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

55ஐத் தொடுவதில் அசைன்மெண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு தாளிலும் அசைன்மெண்டுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 விழுக்காடு. அசைன்மெண்டில் நூற்றுக்கு 70 வாங்கினால் அதிலிருந்து 21 வந்துவிடும். 55ஐ எட்டத் தேர்வில் நூற்றுக்கு 49 எடுத்தால் போதும். அசைன்மெண்டில் 50தான் என்றால் வருவது 15. அப்போது தேர்வில் 57க்கு மேல் வேண்டும். 49க்கும் 57க்கும் உள்ள இடைவெளி ஆங்கில இலக்கியத் தாளில் மிகப் பெரியது. தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் செய்ய முடியாததை, வீட்டில் இரண்டு மாத அவகாசத்தில், புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அசைன்மெண்டில் செய்யலாம். வேலைக்குப் போகும் மாணவருக்கு இந்த முப்பதுதான் பலம்.

அந்தப் பலத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. எழுதி முடித்த அசைன்மெண்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. கையால் எழுதியே அனுப்புகிறார்கள். ஒரே விடை பல மாணவர்களின் பெயரில் ஒரே மதிப்பீட்டாளர் மேசைக்கு வருகிறது. நகலெடுத்தவற்றை நிராகரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நிராகரிக்காமல் விட்டாலும் இழப்பு உங்களுக்குத்தான். அசைன்மெண்டில் வரும் கேள்விகளின் சாயல் தேர்விலும் வரும். சொந்தமாக எழுதியவருக்கு அந்த விடை கையில் ஏறியிருக்கும். வாங்கியவருக்குத் தேர்வு மண்டபத்தில் அது புதுக் கேள்வி.

எழுதும் முறையைச் சொல்கிறேன். முதலில் மூலப் படைப்பு, அடுத்து இக்னோவின் பாடப்பகுதி, அதற்குப் பிறகுதான் மற்ற விமர்சனங்கள். ஹேம்லெட்டைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது நாடகத்திலிருந்து நான்கைந்து இடங்களையாவது நீங்களே கண்டெடுத்துக் காட்டுங்கள். கதைச் சுருக்கத்தை ஒரு பத்திக்கு மேல் எழுதாதீர்கள். மதிப்பீட்டாளருக்குக் கதை தெரியும். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். நீள வாக்கியம் எழுதி இலக்கணத்தில் சறுக்குவதைவிட அது எவ்வளவோ மேல். முதல் பக்கத்தில் பதிவு எண், பெயர், முகவரி, தாளின் குறியீடு, கற்றல் மையத்தின் எண், தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்வில் தேறியும் அசைன்மெண்ட் மதிப்பெண் ஏறாததால் மதிப்பெண் பட்டியலில் "முடிக்கவில்லை" என்றே காட்டப்பட்டு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தவர்கள் பேச முடிந்தது.

தாள்களுக்குள்

மொழியியல் தாளைப் பார்த்ததும் பயப்படுபவர்கள் அதிகம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். உதடும் பல்லும் அண்ணமும் நாவும் எப்படிச் சேர்ந்து எந்த எழுத்து பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. நன்னூலும் சொல்கிறது. பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்த கைக்கு மார்பாலஜி புதிதாக இருக்காது. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஒரு தமிழ் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

கவிதைத் தாளில் சாசர் கஷ்டம். அவர் எழுதியது பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலம். இக்கால ஆங்கில வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மில்டனையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும். நாவல் தாளில் நேரம் போகும். 'டாம் ஜோன்ஸ்', 'மிடில்மார்ச்' இரண்டும் மிகப் பெரிய புத்தகங்கள். அவற்றைத் தேர்வு மாதத்தில் தொடங்கினால் முடிக்க முடியாது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பெரிய நாவலைத் தினம் இருபது பக்கம் என்று ஆரம்பித்துவிடுங்கள். பேருந்துப் பயணத்துக்கு நாடகங்களை வைத்துக்கொள்ளலாம். 'பிக்மேலியன்' போன்ற நாடகத்தை மயிலாடுதுறைக்குப் போய்வரும் நேரத்தில் கணிசமாகப் படித்துவிடலாம்.

திறனாய்வுத் தாளைக் குறிப்பேடு இல்லாமல் தொடாதீர்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் தொடங்கி மார்க்சியம், பெண்ணியம், கட்டுடைப்பு வரை வரும். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர் எழுப்பிய கேள்வி, சொன்ன விடை, யாரை மறுத்தார் என்ற மூன்றை மட்டும் அதில் எழுதுங்கள். நெட் தேர்வுக்கும் இதே குறிப்பேடு உதவும்.

விருப்பத் தாள் எடுப்பதில் அவரவர் நோக்கத்தைப் பாருங்கள். நெட் எழுதப் போகிறவர் அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், புதிய ஆங்கில இலக்கியங்கள் ஆகியவற்றை எடுத்தால் பரப்பு அகலும். பள்ளியிலேயே இருக்கப் போகிறவருக்கு இந்தியாவில் ஆங்கிலக் கல்வி பற்றிய தாள் பயன்படும். 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து இன்று நம் வகுப்பறை வரை வரும் கோடு அதில் தெரியும். ஒப்பிலக்கியத் தாளும் மொழிபெயர்ப்பில் இந்திய இலக்கியத் தாளும் நம்மவர்களுக்குக் கைகொடுப்பவை. காரைக்கால் அம்மையாரின் ஊரில் பிறந்தவருக்குப் பக்திக் கவிதையை மற்றொரு மொழியின் சமயக் கவிதையோடு வைத்துப் பார்க்கும் பயிற்சி இயல்பாக வரும். மதிப்பெண் எளிதாக வரும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மட்டும் ஒரு தாளை எடுக்காதீர்கள்.

புத்தகத்துக்குப் பணம் இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். இக்னோவின் பாடநூல்கள் எல்லாம் இ-ஞான்கோஷ் என்ற அதன் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்வதற்கு முன்பே ஒரு பகுதியை இறக்கிப் படித்துப் பாருங்கள். அந்த ஆங்கிலம் உங்களுக்குப் புரிகிறதா என்பது சேரலாமா வேண்டாமா என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடும். பழைய படைப்புகள் குட்டன்பர்க் திட்டத்தில் உள்ளன. முதுநிலை மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலப் பாடங்கள் இ-பிஜி பாடசாலையில் இருக்கின்றன. பழைய வினாத்தாள்களை இக்னோ தளத்திலேயே எடுக்கலாம்.

நம் ஊர் நாட்காட்டி

ஜூன் பருவத் தேர்வு ஜூலை வரைகூட நீளும். அதே நாட்களில்தான் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வரும். வீட்டுக்கு உறவினர் வருவார்கள், மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கும் வேலை இருக்கும். பத்து நாள் படிப்பு போகும் என்று முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் வயல் உள்ள வீட்டில் குறுவை வேலையும் ஜூனில்தான். கீழக்கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காரைக்கால்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அந்த 61 நாளும் வருமானம் குறைவு, நேரம் அதிகம். தேர்வுக் கட்டணத்தை மட்டும் மார்ச்சுக்குள் எடுத்துவைத்துவிட்டால் ஜூன் தேர்வுக்குப் படிக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது.

டிசம்பர் தேர்வுக்கு மழைதான் பகை. வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கடற்கரையை எந்தப் பாடுபடுத்தும் என்பதை 2018 நவம்பரில் கஜா காட்டியது. மின்சாரம் இருக்கும், இணையம் இருக்கும் என்று நம்பிக் கைபேசியில் மட்டும் படிப்பவர் நவம்பரில் தவிப்பார். முக்கியப் பகுதிகளை அக்டோபருக்குள் அச்சடித்துவிடுங்கள். தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். சம்பா அறுவடையும் பொங்கலும் முடிந்து பிப்ரவரியில் கிடைக்கும் அமைதியான நாட்கள் அசைன்மெண்டுக்கு ஏற்றவை.

தேதிகளில் மூன்று தனித்தனி. மறுபதிவு ஒன்று, அசைன்மெண்ட் ஒப்படைப்பு ஒன்று, தேர்வு விண்ணப்பம் ஒன்று. முதலாண்டு கட்டணம் கட்டிவிட்டதால் இரண்டாமாண்டு தானாக வந்துவிடும் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. அசைன்மெண்ட் கொடுத்துவிட்டதால் ஹால் டிக்கெட் வந்துவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. தேர்வுக்குத் தனியாக இணையத்தில் விண்ணப்பித்து, தாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் வரும். மூன்று தேதிகளையும் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதித் தொங்கவிடுங்கள். கணவருக்கோ அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அவை தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

தேர்வில் பெரும்பாலான தாள்களுக்கு மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண், 20 மதிப்பெண் வீதம் ஐந்து விடை. ஒரு விடைக்கு 36 நிமிடம்கூடக் கிடையாது, கேள்வியைப் படிக்கவும் நேரம் வேண்டும். நான்கு விடையை அழகாக எழுதி ஐந்தாவதை விட்டவருக்கு 80க்குத்தான் மதிப்பெண். பல ஆண்டுகளாகப் பேனா பிடிக்காத கைக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவதே சோதனை. தேர்வுக்கு முந்தைய மாதம் ஞாயிறுதோறும் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு

இளநிலையில் வணிகவியலோ கணிதமோ படித்துவிட்டு எம்.ஏ. மட்டும் ஆங்கிலத்தில் முடித்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடத்திலோ இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்று கேட்கிறது. புதுச்சேரி அரசின் பணிகளுக்கு அதன் ஆள்சேர்ப்பு விதிகள் வேறு. நெட் தேர்வுக்கு இந்தத் தடை கிடையாது. கல்லூரிப் பக்கம் போக விரும்புபவருக்குப் பி.காம். படித்தது குறையாகாது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு எம்.ஏ.வில் சேருங்கள்.

பி.எட். படிக்கும்போதே எம்.ஏ.வும் படிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. 2022 ஏப்ரலில் யுஜிசி வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒரு பட்டத்தை நேரடியாகவும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் ஒரே காலத்தில் படிக்கலாம். தேர்வு நாட்கள் மோதாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இரண்டையும் இழுக்க உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள்.

மொத்த மதிப்பெண் 55க்கு இரண்டு விழுக்காட்டுக்குள் குறைந்து நின்றுவிட்டவர்களுக்கு மேம்பாட்டுத் தேர்வு எழுத இக்னோவில் வழி இருக்கிறது. 50இல் நிற்பவருக்கு அந்த வழி கிடையாது. எனவே ஒவ்வொரு தாளின் முடிவு வரும்போதும் சராசரியைப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு தாளில் சராசரி 52 என்றால் அடுத்த நான்கில் 58 வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த பருவத்தில் சேர நினைக்கிறீர்களா? இந்த வாரமே ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போங்கள்.